திரும்பி ஏறிய கரண்டு

பூபாலன் செத்துப்போன செய்தி வந்தபோது சாலமோன் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் இருந்தான். சோலார் தகடுகளின் மேல் அப்பிக் கிடந்த சருகையும் சேற்றையும் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். புயல் கரை கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மூடிக் கிடந்த வானம் அன்று காலையில்தான் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. இன்றைக்காவது பேட்டரிகளுக்கு வயிறு நிறையும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

கூடப் படித்த ஸ்டான்லி பேசினான். "சாலமோனு, எங்க கீற?"

"கழுக்குன்றத்துல. இன்னா சொல்லு."

"நம்ம பூபாலன் போய்ட்டான்டா. போஸ்டு மேலயே. கரண்டு அடிச்சி."

சாலமோனுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. எந்தப் பூபாலன் என்று கேட்க வாய் வந்தது. அவனுக்குத் தெரிந்து ஒரே பூபாலன்தான். "எங்கடா?" என்றான்.

"நெம்மேலிக்கு அந்தாண்ட, குப்பத்துல. லைன் அறுந்து கெடந்துதாம். ஜாயிண்ட் போட்டுனு இருந்தப்ப அடிச்சிருக்கு. பதினோரு மணி இருக்கும்ன்றாங்க. பாடிய செங்கல்பட்டுக்கு எடுத்துனு போறாங்க."

"எந்த போஸ்டு?"

கேட்ட பிறகுதான், செத்துப்போனவனைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி இதுவா என்று அவனுக்கே உறைத்தது. ஸ்டான்லிக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "கடைசி போஸ்டாம். மீனு வைக்கிற ஷெட்டு ஒண்ணு கீதாமே, அதுக்கு எதிர்க்க."

குழாய் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, தண்ணீர் மாடியெல்லாம் பரவியது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த ஷெட்டை அவனுக்குத் தெரியும். மாயவனுடைய ஷெட். இரண்டு நாளுக்கு முன்னால் அங்கே அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்பதும் தெரியும்.

பூபாலனும் அவனும் படாளத்தில் ஒரே காலனி, ஒரே தெரு. இருவர் வீட்டிலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு ஒன்றாகவே சேர்ந்து, ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தார்கள். படித்து முடித்ததும் பூபாலன் மின்சார லைன் வேலைக்குக் காண்ட்ராக்டில் போனான். பன்னிரண்டு வருஷமாக நிரந்தரமாக்குவார்கள், நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே கம்பம் ஏறினான். சாலமோன் சோலார் பக்கம் ஒதுங்கினான். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடற்கரை ஓரத்தில் பேனலும் பேட்டரியும் வைத்த வீடுகளில் பாதி, அவன் கை பட்டவை.

மாயவன் வீட்டிலும் அதை ஒட்டிய ஷெட்டிலும் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன்தான் மாட்டிக் கொடுத்தான். நாலு பேனல், ஒரு இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி. மாயவன் கடலுக்குப் போகிறவன். அவன் மனைவி ரத்னா மீனையும் இறாலையும் பெரிய ஃப்ரீசரில் வைத்து மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டு போனால் ஃப்ரீசர் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் சோலாரே வைத்தார்கள்.

அந்த மாதிரி வீடுகளில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வீட்டுக்குத் தெருக் கம்பத்து மின்சாரம் வரும். மறுபக்கம் தள்ளினால் இன்வெர்ட்டர் மின்சாரம் வரும். இரண்டும் ஒரு நேரத்தில் ஒன்றோடு ஒன்று சேரவே முடியாதபடி செய்யப்பட்ட சாமான் அது. சேர்ந்தால், தெருவில் மின்சாரம் இல்லாத நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரின் கரண்டு மீட்டர் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்கு ஏறிவிடும். லைன் ஆட்கள் அதை ரிட்டன் சப்ளை என்பார்கள். கம்பத்தில் இருப்பவன் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைப் பிடிப்பான். ஐ.டி.ஐ.யில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. பூபாலன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாலமோன் அதைப் படித்தான்.

கடல் உப்புக்கு மாயவன் வீட்டுச் சுவிட்ச் தாங்கவில்லை. கைப்பிடி இறுகிக்கொள்கிறது என்று ஐப்பசியிலேயே மாயவன் இரண்டு தடவை போன் பண்ணினான். வருகிறேன், வருகிறேன் என்று சாலமோன் தள்ளிப்போட்டான். புயல் அடித்த இரண்டாம் நாள் மாயவன் மறுபடி கூப்பிட்டான். உள்ளே சரக்கு கிடக்கிறது, இன்றைக்கு விட்டால் எல்லாம் அழுகிப்போகும் என்றான். சாலமோன் மரங்கள் விழுந்து கிடந்த ரோட்டில் வண்டியைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, பெட்டிக்குள் செம்பெல்லாம் பச்சை பூத்து, ஒரு முனை கருகிப்போயிருந்தது. புதுசு வாங்க மாமல்லபுரத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

அவன் அந்தச் சுவிட்சைக் கழற்றிப்போட்டான். இன்வெர்ட்டர் ஒயரை நேராக வீட்டு போர்டில் இணைத்து டேப் சுற்றினான். தெரு மின்சாரத்தை வீட்டோடு சேர்க்கிற மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து அணைத்துவிட்டு, மாயவனிடம் சொன்னான்.

"இது இப்டியே கீழயே இருக்கட்டும். தெருவுல கரண்டு வந்தாகூட போட்றாத. நாளைக்கு நான் வந்து புதுசு மாட்டுன அப்புறம்தான்."

"சரி அண்ணாத்த. ஃப்ரீசர் ஓடுதுல்ல, அது போதும்" என்றான் மாயவன். அலையில் அடித்துப்போன வலையைத் தேட ஆட்கள் அவனைக் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பாதிக் காதில்தான் வாங்கினான். ரத்னா அப்போது வீட்டில் இல்லை. மெயின் மேல் ஒரு காகிதம் எழுதி ஒட்டலாம் என்று சாலமோனுக்குத் தோன்றத்தான் செய்தது. காகிதம் தேடவில்லை. அவன் இப்படிச் செய்தது முதல் தடவையும் அல்ல. இதற்கு முன் செய்த இடத்திலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் திருக்கழுக்குன்றத்து மண்டபக்காரர் கூப்பிட்டார். அங்கே போய்விட்டான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினான். வழியெல்லாம் சவுக்கு முறிந்து கிடந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டும்போது அவன் தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தான். மெயின் கீழேதான் இருக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் யாராவது தவறாகப் பியூஸைப் போட்டிருப்பார்கள். மெயின் கீழேதான் இருக்கும்.

கம்பத்தடியில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. மூன்று கம்பிகள் அறுந்து மணலில் சுருண்டு கிடந்தன. நியூட்ரல் கம்பி மட்டும் அறுபடாமல் தொங்கியது. பூபாலனை இறக்க வைத்த ஏணி இன்னும் கம்பத்தில் சாய்ந்திருந்தது. சற்றுத் தள்ளிப் போலீஸ்காரர் ஒருவர் படகு நிழலில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சாலமோன் பின்பக்கமாகச் சுற்றி மாயவன் வீட்டுக்குள் போனான். ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. மெயின் மேலே ஏறியிருந்தது.

அவன் இன்வெர்ட்டரை அணைத்தான். பையிலிருந்து கட்டரை எடுத்து, தான் போட்ட இணைப்பை வெட்டி, முனைகளுக்கு டேப் சுற்றி, வெட்டிய துண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் அவனை ரொம்ப நாள் வாட்டியது.

திரும்பினால் வாசலில் ரத்னா நின்றுகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாண்ணே பண்ற?"

"ஈரம் எறங்கியிருக்கான்னு பாக்குறேன்."

"அந்த அண்ணன் எங்கிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சாரு. குடிச்சிட்டு ஏறுனாரு. ஏறி அஞ்சு நிமிசம்கூட ஆவல" என்றாள் அவள்.

"மெயின யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன். கோயிலாண்ட கரண்டு வந்துடிச்சின்னு சொன்னாங்க. நம்ம வூட்டுக்கு வந்திருக்கான்னு பாக்கலாம்னு போட்டேன். வரல. அப்டியே வுட்டுட்டேன்." பிறகு ஃப்ரீசரைப் பார்த்து, "ஏன், நின்னுபோச்சி?" என்றாள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் படாளத்து ஆட்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். பூபாலனின் மனைவி அன்பரசி கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போடுகிற நீலச் சீருடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்ட இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். அவளைச் சுற்றி ஆண்கள் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே பெயர், கண்ணாயிரம்.

கண்ணாயிரம் பூபாலனோடு வேலை பார்க்கிற காண்ட்ராக்ட் ஆள். ஐம்பது வயசு தாண்டியவர். டிரான்ஸ்பார்மரில் பியூஸ்களைப் பிடுங்கி லைனைச் சாகடித்துவிட்டு, மேலே இருப்பவன் இறங்கும்வரை அவற்றைக் கையில் வைத்துக் காத்திருப்பது அவர் வேலை. அவர்தான் அவசரப்பட்டுப் பியூஸைத் திருப்பிப் போட்டுவிட்டார், அதனால்தான் இப்படி ஆனது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மூன்று பியூஸும் என் பையில்தான் இருந்தன என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். கேட்க ஆளில்லை.

சாலமோனைக் கண்டதும் அன்பரசி நிமிர்ந்தாள். "அண்ணே, நீ கரண்டு வேல தெரிஞ்சவன். அவரு பன்னண்டு வருசமா ஏறுறாரு. செத்த லைன்ல எப்டிண்ணே கரண்டு வரும்? அந்த ஆளு போட்டாத்தான வரும்?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பைக்குள் அந்த ஒயர்த் துண்டு இருந்தது.

"தெரியலம்மா" என்றான்.

மறுநாள் அடக்கம் நடந்தபோது கண்ணாயிரம் தெருமுனைவரை வந்தார். கையில் ஒரு மாலை இருந்தது. பூபாலனின் சொந்தக்காரர் இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்து நெட்டித் தள்ளினார்கள். மாலை சேற்றில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, சேற்றைத் தட்டிவிட்டு, பக்கத்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். பாடையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்த சாலமோன் எல்லாவற்றையும் பார்த்தான். அன்று சாயங்காலமே போலீஸ் வந்து அவரை விசாரணைக்கு அழைத்துப் போனது; திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த நாட்களில் சாலமோன் தன் மனசுக்குள் ஒரு வழக்கு நடத்தினான். பூபாலன் ஏன் கையுறை போடவில்லை? கம்பியைத் தொடுவதற்கு முன் எர்த் ராடு மாட்டி லைனை மண்ணோடு இணைத்திருந்தால், எங்கிருந்து கரண்டு வந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போயிருக்குமே. அவனுக்கு ராடு கொடுக்காதது யார் தப்பு? மெயினைப் போட்டது யார்? சொன்னதைக் காதில் வாங்காதது மாயவன்தானே? இப்படி ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினான். கடைசியில் பையைத் திறந்தால் அந்த ஒயர்த் துண்டு கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

புயல் முடிந்த வாரம், அவனுக்கு ஓயாமல் வேலை வருகிற வாரம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. அவன் மனைவி ஷாரோன் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நண்பன் போன துக்கம் என்று நினைத்து அவனை அவன்பாட்டுக்கு விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் காலையில் ரத்னா செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள். விலாசத்தை விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு, அவன் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நின்றாள். ஷாரோன் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு ரத்னா உட்காரவில்லை.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நான் மெயின் போட்டேன்ல. அன்னிக்கு நீ வந்து ஒயர வெட்டுனப்ப ஃப்ரீசரு நின்னுச்சி. அப்ப அது எந்தக் கரண்டுல ஓடுச்சி? நம்ம சோலாருல. அத வெட்டிட்டு ஏன் நீ மெயின யாரு போட்டதுன்னு கேட்ட? இத நான் யோசிச்சினே கீறேன். எங்க வூட்டுக்காரர கேட்டேன். மெயின போடக் கூடாதுன்னு அந்தண்ணன் சொன்னாரு, நான் உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்ட்டாரு."

ரத்னா துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தண்ணி குடுத்த கையாலதான் நான் மெயினப் போட்டேன். அவரக் கொன்னது நானாண்ணே? எனக்குப் படிப்பு கெடையாது. நீ சொன்னா நம்புறேன். சொல்லிடு. நான் ஆறு நாளா சுவிட்ச தொடறதில்ல. புள்ளைங்கள வுட்டுத்தான் லைட்டு போடச் சொல்றேன்."

அன்பரசி கேட்டதற்குத் தெரியவில்லை என்று சொன்ன மாதிரி இவளிடமும் சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவாள், போய்விடுவாள். ஆனால் வாழ்நாள் முழுக்க இருட்டில் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அவனால் செய்ய முடியவில்லை.

"நீ இல்லம்மா" என்றான். "மெயினப் போட்டா வூட்டுல லைட்டுதான் எரியணும். கம்பத்துல இருக்கறவன் சாவக் கூடாது. அதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருந்துது. அதக் கழட்டிப் போட்டவன் நான். மறுநாள் வரேன்னு சொல்லிட்டு வராதவனும் நான்தான். நீ ஒரு தப்பும் பண்ணல."

ரத்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறுதலடைந்த மாதிரி தெரியவில்லை. "அப்போ உள்ள போட்டு வெச்சிருக்காங்களே, அந்தப் பெரியவரு?" என்று கேட்டாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனாள்.

கதவருகே ஷாரோன் வேலைக்குப் போகிற பையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இப்ப நான் இன்னா பண்றது?" என்று அவளைக் கேட்டான்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்ட. இனிமே எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குற?" என்றாள் அவள். "நான் வேண்டாம்னு சொன்னா வுட்டுட்லாம்னா?" அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "சட்டைய மாத்து. நானும் வரேன்."

விபத்தை விசாரித்துக்கொண்டிருந்த மின் ஆய்வாளர் பரணிதரன் நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். மேஜை மேல் சாலமோன் வைத்த ஒயர்த் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னதையெல்லாம் இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டார். சொல்லி முடித்த பிறகு அவன், "சார், பூபாலனுக்கு எர்த் ராடு குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"அதையும் எழுதுவேன்" என்றார் அவர். "ராடு கொடுக்காதவங்க மேல தனியா எழுதுவேன். அவங்க செய்யாதது வேற. நீங்க செஞ்சது வேற. ஒண்ணுல இன்னொண்ணு கழியாது."

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாதிரி வேற எத்தன வீட்ல பண்ணியிருக்கீங்க?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. மனசுக்குள் கடற்கரை ரோட்டில் ஒவ்வொரு ஊராக ஓட்டிக்கொண்டு போனான். சுவிட்சே வைக்காமல் விட்டது, கெட்டுப்போனபோது கழற்றிவிட்டது, சாக்கெட்டில் செருகிக்கொள்ளச் சொல்லி இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் கொடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன.

"பதினொண்ணு" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாரோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அவனைக் கைது செய்தார்கள். கண்ணாயிரத்தை வெளியே விட்டார்கள். ஸ்டேஷன் வராந்தாவில் இருவரும் எதிரெதிரே கடக்க நேர்ந்தது. சாலமோன் கும்பிட்டான். பெரியவர் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் மெதுவான குரலில் சொன்னார். "மூணு பியூஸும் என் பையிலதான் இருந்துது. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கச் சொல்ல, ஒருவேள போட்டுட்டனோன்னு எனக்கே ஆயிடுச்சி. நேத்து ராத்திரி ஒத்துக்கலாம்னுகூட நெனைச்சேன்டா, நைனா." அவ்வளவுதான் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். திரும்ப அவர் லைன் வேலைக்குப் போகவில்லை. போகப் பிடிக்கவில்லை என்று பின்னால் சாலமோன் கேள்விப்பட்டான்.

சாலமோன் ஜாமீனில் வெளியே வரப் பதினெட்டு நாள் ஆனது. அவன் லைசென்ஸை ரத்து செய்திருந்தார்கள். வழக்கு நடக்கும், தண்டனையும் வரும் என்று வக்கீல் சொன்னார். வந்த மறுநாள் படாளத்துக்குப் போனான். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவனை அன்று ஒருவரும் வா என்று கேட்கவில்லை. அவன் தாய்மாமன் மட்டும் சைக்கிளை நிறுத்தி, "இன்னாத்துக்குடா இங்க வர?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

அன்பரசி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அவன் கொஞ்ச தூரத்திலேயே நின்று, "தெரியாம நடந்துபோச்சின்னு சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள். அவள் ஒரு சேலையைப் பிழிந்து உதறினாள்.

"உங்கிட்ட நான் கேட்டேன்" என்றாள். "பொணத்துக்கு எதிர்க்க ஒக்காந்துகினு கேட்டேன். அண்ணேன்னு கேட்டேன். அன்னிக்கு நீ சொல்லியிருந்தா, கையில வெட்டுக்கத்தியே இருந்தாலும் அழுதுட்டு வுட்டிருப்பேன். நீ தெரியலன்ன. அந்த மனுசன நாங்க அடிச்சித் தொரத்துனப்ப நீ பாத்துகினு இருந்த."

"ஆமா" என்றான்.

"கைத் தப்பு ஆருக்கும் ஆவும். எங்க வூட்டுக்காரரும் சொல்லுவாரு. அது வேற." அவள் சேலையைக் கொடியில் போட்டு விரித்தாள். ஈரச் சேலை இருவருக்கும் நடுவில் தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "போ. இனிமே வராத. எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர நேரம்."

அவன் திரும்பி ஜி.எஸ்.டி. ரோடு வரை நடந்தான். எத்தனையோ வருஷம் இருவரும் பஸ்ஸுக்கு நின்ற இடம் அது. பஸ் வந்தபோது ஏறினான். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் கேட்டபோதுதான் அது மதுராந்தகம் போகிற பஸ் என்று தெரிந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான்.

தை மாதம் பரணிதரன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினொரு வீட்டையும் நேரில் காட்ட வேண்டும் என்றார். ஒரு வயர்மேனை அவனோடு அனுப்பினார். அவன் எதிலும் கை வைக்கக் கூடாது, இடத்தைக் காட்டி, என்ன செய்திருக்கிறான் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல மட்டும் வேண்டும் என்பது நிபந்தனை. சொல்வதுதான் கஷ்டமான வேலை என்பது முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

கோவளத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர், "நாலு வருசமா ஒண்ணும் ஆவல. நல்லா ஓடினு கீறத எதுக்குப் புடுங்குற?" என்று சத்தம் போட்டார். வேறொரு வீட்டில் பெண்ணொருத்தி போர்டைத் திறக்கவே விடவில்லை. புது சுவிட்ச் மாட்டும்வரை ஃபேன் ஓடாது, கைக்குழந்தை இருக்கிறது என்றாள். ஒவ்வொரு இடத்திலும் சாலமோன் ஒரே விஷயத்தைச் சொன்னான். பூபாலன் என்று ஒருத்தன் இருந்தான், என்னோடு படித்தவன், இந்த மாதிரி ஒரு ஒயரால்தான் செத்தான், அதைப் போட்டவன் நான் என்றான். முதல் இரண்டு வீட்டில் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்புறம் உடையவில்லை. சொன்னதும் ஆட்கள் அடங்கிப்போய், ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். சிலர் அவன் போகும்வரை அவன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். போர்டைத் திறக்க விடாத பெண், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்து நின்றுவிட்டாள்.

மாயவன் வீட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஷெட் பூட்டிக் கிடந்தது. ரத்னா ஃப்ரீசரை விற்றுவிட்டு, கரையில் ஏலம் எடுக்கும் மீனை அன்றன்றைக்கே கூடையில் கொண்டுபோய் விற்கிறாள் என்று சொன்னார்கள்.

பதினோராவது வீடு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு தோப்புக்குள் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே இன்வெர்ட்டரின் சின்ன விசிறி சுற்றுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. தெருவில் அன்று மின்தடை. வயர்மேன் அந்த வீட்டுக்கு ஒயர் வருகிற கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். யாரும் அதில் இல்லை.

"வூட்டுக்காரங்க எப்போ வருவாங்களோ" என்றார் அவர். "நாளைக்கு வரலாமே."

"நீங்க போங்க சார். ஆபீசுக்கு போன் பண்ணி, இந்த லைன்ல யாரையும் ஏத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றான் சாலமோன். "நான் இருக்கேன்."

அவர் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, போகலாமா வேண்டாமா என்று நின்றார். கடைசியில் அவரும் போகவில்லை. தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சாலமோன் பூட்டிய கதவுக்கு முன்னால், கம்பம் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தான். கல்பாக்கத்திலிருந்து ஊழியர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று ரோட்டில் நின்று கிளம்பியது. சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு மனிதர் இறங்கி, மண் பாதையில் இந்த வீட்டை நோக்கி நடந்து வந்தார். வாசலில் ஆட்களைக் கண்டதும் அவர் நடை தயங்கியது.

சாலமோன் எழுந்து நின்றான். அவர் அருகில் வரும்வரை காத்திருந்து, தன் பெயரைச் சொல்லி, பூபாலனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.